ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், எதை?

ஊரில் இருக்கும் பழைய வீட்டை விற்கப் போகிறீர்கள், அல்லது சின்ன ஃபிளாட்டுக்கு மாறப் போகிறீர்கள். பரணிலிருந்து இறக்கினால் தாத்தா பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள், சினிமா பாட்டுப் புத்தகங்கள், ஒரு பெட்டி நிறைய கேசட்டுகள், கல்யாண வீடியோ, சில இசைத்தட்டுகள், சில வீடுகளில் துணியில் சுற்றிய ஒரு பனையோலை ஏட்டுக்கட்டு. எல்லாமே வீட்டில் யாரோ ஒருவருக்கு உயிர். இடமோ ஒரு டிரங்குப் பெட்டிக்குத்தான் இருக்கிறது, கையில் இருக்கும் நேரமோ இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இப்படி ஒரு நிலை வந்தால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் வழியைத்தான் எழுதுகிறேன். சின்ன ஊர் வாசகசாலை, பழைய நாடக மன்றம் என்று எதையாவது பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எனக்கு ரொம்பப் பிடித்தது எது?" என்று தொடங்கினால் பெரும்பாலும் தப்பான பொருளில்தான் போய் நிற்போம். நமக்கு ரொம்பப் பிடித்தது ஊருக்கே பிடித்ததாக இருக்கும், அதை வைத்திருக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். நம் கையை விட்டுப் போனால் அப்புறம் எங்கேயுமே கிடைக்காமல் போவது எது, அதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று தன் ஆசிரியரிடம் ஆசையாகப் பாடம் கேட்டதையெல்லாம் அடுக்குகிறார். அதற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் திருப்பிக் கேட்கிறார். அந்த ஒரு கேள்விதான் சாமிநாதையரை ஏடு தேடி ஊர் ஊராக அலைய வைத்தது. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. தான் பாடம் கேட்ட நூல்களை அவர் வெறுத்துவிடவில்லை, அவற்றிலும் பலவற்றைப் பிற்பாடு பதிப்பித்தார். ஆனால் எதற்கு அவசரம் என்பதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. பரணுக்கு முன்னால் நிற்கும்போது நமக்கு வேண்டியதும் அந்தத் தெளிவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில், உண்மையிலேயே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பொருள் வேறு, அதற்குள் இருப்பது வேறு. நான்கு பக்க நோட்டீஸை வெளிச்சம் இருக்கும் இடத்தில் வைத்து ஃபோனில் படம் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் 90 நிமிடக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற 90 நிமிடம் ஆகத்தான் செய்யும், அதில் குறுக்குவழி கிடையாது. தட்டுப்பாடு இடத்திலா, நேரத்திலா, பணத்திலா என்று பிரித்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சீக்கிரம் முடிகிற காகிதங்களையெல்லாம் முதல் நாளே படம் எடுத்துவிட்டால், கடைசியில் நிஜமாகப் போட்டியில் நிற்பவை கொஞ்சம்தான் இருக்கும்.

அடுத்து, வேறு பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். இதைச் செய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல், கன்னிமாரா நூலகம், ஈழத்து எழுத்து என்றால் 'நூலகம்' என்ற வலைத்தளம், அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவ். இவற்றில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள். பாட்டு என்றால் முதல் அடியை யூடியூபில் போட்டுப் பாருங்கள். நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல், முப்பது வயதுகூட ஆகாமல், பேசும்படங்களில் நடிக்காமலே இறந்துபோனவர், அவர் குரல் இன்று நமக்குக் கிடைப்பது இசைத்தட்டுகளால்தான். அப்படியானால் வீட்டில் இருக்கும் கிட்டப்பா தட்டுதானே முதலில் காப்பாற்ற வேண்டியது என்று தோன்றும். ஆனால் சேகரிப்பாளர்கள் அவர் பாட்டுகளை ஏற்கெனவே இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் தட்டில் இருக்கும் பாட்டும் அதில் இருந்தால் தட்டைப் பத்திரமாக ஒரு சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் கதையே மாறுகிறது, அது வரிசையில் மேலே வந்துவிடும்.

தலைப்பு கிடைத்துவிட்டது என்பதற்காக உடனே விட்டுவிடவும் வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' இன்றைக்கு எத்தனையோ பதிப்பகங்களிடம் கிடைக்கிறது, கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, இணையத்திலும் இருக்கிறது. ஆக அந்தக் கதைக்கு ஆபத்தில்லை. ஆனால் 1950-ல் தொடங்கி வாரா வாரம் வந்தபோது கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு உங்களிடம் இருந்தால், அதில் மணியம் வரைந்த படங்கள் அந்தந்தப் பக்கத்தில் வந்த மாதிரியே இருக்கும், பின்பக்கத்தில் அன்றைய விளம்பரங்கள் இருக்கும், யாராவது ஓரத்தில் பென்சிலால் எதையாவது எழுதியும் வைத்திருப்பார்கள். எது மறுபதிப்பில் வந்துவிட்டது, எது இந்தப் பிரதியில் மட்டும் இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டித்தான் சொல்ல முடியும். பைண்டு முழுவதையும் வைக்க இடமில்லை என்றால் படங்களும் விளம்பரங்களும் உள்ள பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்துகொண்டு பைண்டை ஒரு நூலகத்துக்குக் கொடுக்கலாம். அதிலிருந்து பக்கத்தைக் கிழித்து எடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

விலை மலிவாக இருந்தது என்பதற்காக எதையும் ஒதுக்காதீர்கள், பெரும்பாலும் மலிவானதுதான் முதலில் காணாமல் போகிறது. தங்க எழுத்து அச்சிட்ட கெட்டி அட்டை இராமாயணத்தை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். சென்னை குஜிலிக் கடைகளில் காலணா அரையணாவுக்கு விற்ற கொலைச்சிந்து (கொலைச் செய்தியைப் பாட்டாகக் கட்டிய சின்னப் புத்தகம்), ரயில் விபத்துப் பாட்டு, ஊர்த் திருவிழா நாடக நோட்டீஸ், இதெல்லாம்தான் பொட்டலம் மடிக்கப் போனவை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இந்த மாதிரி உதிரிக் காகிதங்களையும் புத்தகங்களோடு சேர்த்துச் சேகரித்தார், அதனால்தான் அவர் பெயரில் 1994-ல் தொடங்கிய நூலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாதது கிடைக்கிறது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் வெளியானது, கூட்டம் அலைமோதியது. டி.பி.ராஜலட்சுமி அதில் கதாநாயகி. இன்றைக்கு அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இல்லை. அன்றைய புகழ் எதையும் காப்பாற்றுவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டில் செய்தது, சுலபமாகத் தீப்பிடிக்கும், ஓடி முடித்த படத்தை அதிலிருக்கும் வெள்ளிக்காகவே கரைத்தவர்களும் உண்டு. இப்படி அழிந்துபோன படங்கள் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி, தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்தான். கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்ற கடைசி வரி. 1930களின் பாட்டுப் புத்தகம் ஒன்றும் நீங்கள் உயிராக நினைக்கும் பெரிய நாவலின் கெட்டி அட்டைப் பதிப்பும் போட்டியில் நின்றால், பாட்டுப் புத்தகத்தை எடுங்கள்.

கேசட் பெட்டிதான் வீட்டில் அதிகச் சண்டையைக் கிளப்பும். அண்ணனுக்கு எம்.ஜி.ஆர். பாட்டு, அக்காவுக்கு இளையராஜா, அப்பாவுக்கு மதுரை சோமு. கடையில் வாங்கிய கேசட்டுகளை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்தப் பாட்டுகள் வேறு வழியில் கிடைக்கின்றன, சந்தேகமாக இருப்பதை மட்டும் தேடிப் பாருங்கள். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட்டுகளை என்ன செய்வது? பாட்டு எல்லாம் வேறு இடத்திலும் இருக்கிறது, உங்களிடம் மட்டும் இருப்பது அந்த வரிசை. 1984-ல் ஒரு கல்லூரிப் பெண் எந்தெந்தப் பாட்டை எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள் என்பது அவள் கையெழுத்தில் உள்ளட்டையில் இருக்கிறது. அட்டையைப் படம் எடுங்கள், கேசட்டை விடுங்கள். எனக்கு இது மனசுக்குக் கஷ்டமான காரியம்தான், ஆனாலும் அட்டை போதும் என்றே சொல்வேன்.

மிச்சம் இருப்பவைதான் தங்கம். மாமா டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்த கோயில் வில்லுப்பாட்டு, விடிய விடிய நடந்த தெருக்கூத்தில் ஒரு பகுதி, அப்பத்தா பாடிய தாலாட்டு, யாருக்கும் தெரியாமல் யாரோ பதிவு செய்த ஒப்பாரி. வளைகுடாவில் வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகளும் இதில் சேரும். கையால் பெயர் எழுதிய கேசட், பெயரே எழுதாத கேசட், இரண்டையும் கேட்டுப் பார்க்காமல் தூக்கிப் போடக்கூடாது. சினிமாப் பாட்டுக் கேசட்டின் மேலேயே பதிவு செய்திருப்பார்கள், அதனால் மேலே அச்சிட்ட பெயரையும் நம்பாதீர்கள், நடு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். என் கணக்கில், ஒரு பரணிலிருந்து ஒன்றே ஒன்றுதான் என்றால் முக்கால்வாசி வீடுகளில் அது இந்தக் கேசட்டுகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்கு இன்னொரு காரணம், எது எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பது. பனையோலை கவனித்துக்கொண்டால் சில நூற்றாண்டுகள் தாங்கும். இசைத்தட்டு கீழே விழாதவரை பாடும். செய்தித்தாள் காகிதம் மஞ்சளாகி உதிர்ந்தாலும் பல ஆண்டுகள் அவகாசம் தருகிறது. காந்த நாடாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதுவும் நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், நாடா நன்றாக இருந்தாலும் போட்டுக் கேட்க மெஷின் இருக்காது. வீடியோ கேசட் பிளேயர் தயாரிப்பு 2016-ல் நின்றேவிட்டது. ஆகவே ஏட்டுக்கட்டும் கேசட்டும் ஒரே அளவு அரிதானவை என்றால் நேரத்தைக் கேசட்டுக்குக் கொடுங்கள், ஏட்டைத் தகுந்த இடத்தில் ஒப்படையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பிளேயரில் போடாதீர்கள், அது பிளேயரையும் கெடுக்கும், அடுத்துப் போடுகிற கேசட்டையும் கெடுக்கும். அதற்கென்று செய்து தருகிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

நாடாவையும்விடச் சீக்கிரம் போய்விடுவது ஒன்று இருக்கிறது, அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்த ஆள். தாலாட்டு கேசட்டில் இருக்கிறது, ஆனால் அதில் வரும் மாமன் பெயர்கள் யார், அந்த ஊர் எது, இடையில் அப்பத்தா ஏன் சிரிக்கிறார் என்பதெல்லாம் எண்பது வயதான ஓர் அத்தைக்கு மட்டும்தான் தெரியும் என்றால், ஸ்கேனரை மூடிவிட்டு முதலில் அத்தையிடம் போங்கள். கேசட்டை அவர் முன்னால் ஓடவிட்டு, அவர் பேசுவதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள். பதிவு செய்வதை அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை என்றால் ஒரு துண்டையாவது எடுத்து வையுங்கள். ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. வளையாபதியில் 72 பாடல்கள் அளவில்தான் தெரியும், குண்டலகேசியில் 20கூடத் தேறவில்லை. அந்தக் கொஞ்சமும் எப்படி வந்தது? உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டினார்கள், புறத்திரட்டு என்ற பழைய பாடல் தொகுப்பைச் செய்தவர் நல்ல பாடல்கள் என்று எடுத்துச் சேர்த்தார். காப்பியத்தையே காப்பாற்ற வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் எடுத்தெழுதியதுதான் மிஞ்சியது. அதனால் விடப் போகிற ஒவ்வொன்றுக்கும் அட்டைப் படம், முதல் பக்கம், அச்சகத்தின் பெயர் உள்ள பக்கம், உள்ளடக்கம், இவ்வளவையாவது படம் எடுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போகிற கட்டுக்கும் ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். என்ன இருந்தது என்று தெரிந்தாலே நாளைக்கு ஒருவர் தேட முடியும்.

வீட்டுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால்? வாக்கெடுப்பு வேண்டாம், வாக்கெடுப்பில் எல்லோருக்கும் தெரிந்த பொருள்தான் ஜெயிக்கும். ஒருவர் ஒன்றை வைத்தே ஆகவேண்டும் என்றால் அது ஏன் என்று கேளுங்கள். "அது அப்பா தினமும் படித்தது" என்றால் அது நினைவுப் பொருள், அவர் தன் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், அதில் தப்பே இல்லை. "இது வேறெங்கும் கிடையாது" என்றால் அது பொதுப் பெட்டிக்குப் போக வேண்டியது. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவதால்தான் சண்டையே வருகிறது. இரண்டும் சமமாகத் தோன்றினால், ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் குரல் எதில் இருக்கிறதோ அதை எடுங்கள் என்பது என் கட்சி. எழுதத் தெரிந்தவர்களுக்கு வேறு தடங்கள் இருக்கும், அப்பத்தாவுக்கு இந்தக் கேசட்டை விட்டால் ஒன்றும் கிடையாது.

தேர்ந்தெடுத்த பிறகு செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேசட்டுக்கு, பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, வயர் மூலம் நேரடியாக லேப்டாப்பில் ஏற்றுங்கள். ஸ்பீக்கர் முன் ஃபோனை வைத்துப் பதிவது கடைசி வழி. ஆடாசிட்டி இலவச மென்பொருள், அதில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சலை நீக்குவதெல்லாம் ஒரு நகலில் மட்டும், மூலப் பதிவைத் தொடாதீர்கள். காகிதம் என்றால் எழுத்துக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. லேமினேஷன் கூடாது, செலோடேப் கூடாது. நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாமல் நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். ஒட்டிக்கொண்ட பளபளப்புத் தாளைப் பிரிக்க முயல வேண்டாம். ஏட்டுக்கட்டில் எண்ணெய் தடவுவது, துடைப்பது என்று எதையும் வீட்டில் செய்யாதீர்கள், கயிற்றைக்கூட அவிழ்க்காமல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் போன்ற இடங்களில் விசாரியுங்கள்.

கோப்புகளை மூன்று பிரதியாக வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அரிதான அத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒரே இரவில் போய்விடும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாக மின்வடிவாக்கி யாரும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, ஊர், யார், என்ன என்று நான்கும் வரட்டும். எண் மட்டும் போட்டு வைத்த கோப்பில் என்ன இருக்கிறது என்று பத்து வருடம் கழித்து உங்களுக்கே தெரியாது.

மூலப் பொருளை நூலகத்துக்குக் கொடுப்பதானால் முன்கூட்டியே பட்டியலை அனுப்பிப் பேசிவிட்டுப் போங்கள். ஏற்கெனவே இருப்பதை அவர்கள் வேண்டாம் என்பார்கள், கோபப்பட வேண்டாம், அவர்களுக்கும் இடம்தான் பிரச்சினை. இணையத்தில் எல்லோருக்கும் ஏற்ற நினைத்தால் பதிப்புரிமையைப் பாருங்கள். இந்தியாவில் ஓர் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு, ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு, நாட்டுடைமை ஆன நூல்களுக்கு அந்தத் தடை இல்லை. பேசி அனுப்பிய கேசட்டும் ஒப்பாரியும் சட்டத்தில் எப்படி இருந்தாலும், அதில் பேசுகிறவர்களின் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் வெளியில் விடுங்கள்.